வயலில் மரமும் பயிரும் சேர்ந்து வளர

மரத்தோடு பயிரையும் சேர்த்து வளர்க்க விரும்புபவர், எந்த மரத்தை நடுவது என்று யோசிப்பதற்கு முன், அதன் நிழல் எங்கே விழும், வேர் எவ்வளவு தூரம் ஓடும் என்பதைக் கணக்கிட வேண்டும். ஊடுபயிரின் விளைச்சல் குறைவது பெரும்பாலும் இந்த இரண்டினால்தான்.

வெப்பமண்டலத்துச் சமநிலத்தில் மர வரிசைகளைக் கிழக்கு மேற்காக அமைப்பது நல்லது. வெயில் வரிசையை ஒட்டியே நகர்வதால் நிழலின் பெரும்பகுதி மரங்களின் அடியிலேயே விழும். சரிவான நிலத்தில் திசையைப் பார்க்காமல் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் நட வேண்டும். அங்கே மண் அரிப்பைத் தடுப்பதே முதல் வேலை. வரிசைக்கு வரிசை 10 மீட்டரும் மரத்துக்கு மரம் 3 மீட்டரும் விட்டால், ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 333 மரங்கள் பிடிக்கும். வரிசையின் இருபுறமும் 1 மீட்டர் ஒதுக்கிய பிறகும் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு பயிருக்கு மிஞ்சும்.

வேரைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். மரத்தின் மெல்லிய உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவுகிறது. பயிரின் வேரும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே கன்று நன்றாக வேர்பிடித்ததும், வரிசையிலிருந்து 1 மீட்டர் தள்ளி, ஆண்டுக்கொரு முறை ஆழ உழுது பக்கவேர்களை அறுத்துவர வேண்டும். பல ஆண்டுகள் விட்டுவிட்டு, பெருத்த வேர்களை இருபுறமும் ஒரேயடியாக வெட்டினால் மரம் காற்றுக்குச் சாய்ந்துவிடும்.

அகத்தி, கிளைரிசிடியா போன்ற மரங்கள் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, நிலைநிறுத்துபவை. இளங்கன்று ஒன்றை மெதுவாகத் தோண்டி எடுத்து, வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலுள்ள நைட்ரஜனை அது பிடித்துக்கொண்டிருக்கிறது; பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அந்த வேலை நடக்கவில்லை. அந்தச் சத்தில் பெரும்பகுதி, தழையை வெட்டி மண்ணில் மூடாக்காக இட்ட பிறகே பயிருக்குக் கிடைக்கும்.

மரக்கட்டைக்காக வளர்க்கும் மரங்களில் அடிக்கிளைகளை விரல் பருமனிலேயே கவாத்து செய்வது நல்லது. காயம் சீக்கிரம் மூடிக்கொள்ளும், கட்டையில் கணுவும் குறையும். பருத்துவிட்ட கிளையாக இருந்தால், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கீழிருந்து பாதியளவு அறுத்து, பிறகு சற்று வெளியே தள்ளி மேலிருந்து அறுக்க வேண்டும். இல்லையென்றால் கிளை விழும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். தண்டில் மிஞ்சிய கிளைத்துண்டை, கிளையின் அடியில் தெரியும் தடித்த வளையத்தைக் காயப்படுத்தாமல் அதை ஒட்டி எடுத்துவிடுங்கள்.

முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு நிலக்கடலை, உளுந்து, சிறுதானியம் என வெயில் விரும்பும் பயிர்களே ஏற்றவை. மரங்களின் தலைகள் விரிந்து நிழல் கூடும்போது மஞ்சள், இஞ்சி போன்ற நிழல் தாங்கும் பயிர்களுக்கு மாறிக்கொள்ளலாம்.