கிரேக்கப் பொன்மணி வேலையில் பொடி வைத்து ஊதாதீர்கள்

பழைய கிரேக்க நகைகளைப் பார்த்துச் செய்ய வரும் பிள்ளைகள், பதினைந்து வருடம் முன்பு நான் கெடுத்த அதே இடத்தில்தான் வரிசையாகக் கெடுக்கிறார்கள். வெங்காரம் (பற்றவைக்க உதவும் உப்பு) போட மறப்பது, கையைச் சுட்டுக்கொள்வது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். அதை விடுங்கள். நான் சொல்ல வருவது கீழே உள்ள நாலு தவறுகளைத்தான்.

மணிகளைப் பொடி வைத்து ஊதுவது

பொடி என்பது நகையைப் பற்றவைக்கும் உலோகக் கலவை, அதை வைத்துத் தீயை ஊதி ஒட்டுவதைத்தான் ஊதுவது என்கிறோம். பொன்மணி வேலை என்பது நுண்ணிய தங்க உருண்டைகளை நகையின் மேல் ஒட்டுவது. அந்த மணிகளுக்குப் பொடி வைப்பதைப் பார்த்தால் இன்னமும் எனக்கு எரிச்சல் வரும். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் படகு வடிவக் காதணி ஒன்றைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தேன். தங்கத் துணுக்குகளைக் கரித்தூளுக்குள் புதைத்து உருக்கினால் தானாகவே உருண்டையாகும். அப்படிக் கடுகில் கால்வாசி அளவு மணிகளை மூன்று வாரம் சேர்த்து, தூரிகை நுனியில் ஒவ்வொன்றாக எடுத்து முக்கோணம் முக்கோணமாக அடுக்கி, கடைசியில் வழக்கம்போலப் பொடி வைத்து ஊதிவிட்டேன். பொடி இளகி ஓடி இடுக்கெல்லாம் நிரம்பிவிட்டது. தனித்தனியாக நிற்க வேண்டிய மணிகள், பாகில் முங்கிய பூந்தி மாதிரி ஒரே மேடு. சுரண்டவும் முடியாது, கழற்றவும் முடியாது. உருக்கினாலோ, பொடியில் இருக்கும் கலப்பும் சேர்ந்து மாற்று குறையும்.

நுணுக்கமான மணி வேலைக்குக் கிரேக்கர்களின் வழி வேறு. மலாக்கைட் போன்ற பச்சை நிறச் செம்புத் தாதை மாவாக அரைத்து, கோந்தில் குழைத்து மணிகளை ஒட்டினார்கள். சூடேறும்போது கோந்து கரியாகும், அந்தக் கரி தாதிலிருந்து செம்பைப் பிரிக்கும், அந்தச் செம்பு மணி தொடும் புள்ளியில் மட்டும் தங்கத்தோடு கலந்து சுமார் 890 டிகிரி செல்சியஸில் இளகிப் பிடித்துக்கொள்ளும். சுத்தத் தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும், அதனால் மணி உருக்குலையாது. ஐரோப்பாவில் மறந்துபோயிருந்த இந்த முறையை 1930களில் லிட்டில்டேல் என்ற இங்கிலாந்துக்காரர் மறுபடி செய்து காட்டினார்.

பசையையும் அள்ளி அப்பாதீர்கள், செம்பு கூடினால் அதுவும் பொடி மாதிரியே வழியும். ஊதும்போது மேல்பரப்பு ஒரு கணம் ஈரம் பட்டதுபோலப் பளிச்சென்று மின்னும். அந்த நொடியே தீயை விலக்குங்கள்.

அச்சில் இழுத்த கம்பி

கிரேக்கக் கம்பி, தகட்டு நாடாவை முறுக்கி இரண்டு பலகைகளுக்கு நடுவே உருட்டிச் செய்தது. லென்ஸ் வைத்தால் சுருளாக ஓடும் கோடு தெரியும். அச்சுத் துளை வழியாக இழுத்துச் செய்யும் கடைக் கம்பியில் அது வராது.

பின்னிய பிறகு ஊதும் சங்கிலி

வளையங்களை முதலில் ஊதி மூடுங்கள். அப்புறம் பின்னுங்கள்.

மெஷின் பாலிஷ்

வேண்டவே வேண்டாம், மணிகளின் தலை தேய்ந்துவிடும்.