ஞாயிறு காலை வரையும் கூட்டம்: உங்கள் ஊரில் ஒன்று தொடங்குவது எப்படி

கும்பகோணத்தில் பெரிய கடைத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். படம் வரையப் பென்சில் எடுத்தது நாற்பத்து நாலு வயதில். அதற்கு முன் துணி மேல் சாக்பீஸ் கோடு போட்டதோடு சரி. இப்போது ஆறு வருஷமாக ஞாயிறு தவறாமல் ஒரு கூட்டமாகச் சேர்ந்து வரைகிறோம். பாத்திரக் கடையில் கணக்கெழுதும் தம்பி, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், இரண்டு நர்ஸுகள், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் அண்ணன், கல்லூரிப் பிள்ளைகள், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வரும் சின்னதுகள் என்று பன்னிரண்டு பேர் வருவார்கள், சில வாரம் இருபத்தைந்தும் ஆகும். ஓவியத்தால் பிழைப்பவர் எங்களில் ஒருவரும் இல்லை. பக்கத்து ஊர்களிலிருந்து ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்துவிட்டு, “நாங்களும் ஆரம்பிக்கணும்க்கா, எப்படிச் செய்யறது?” என்று கேட்பார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் ஞாயிறு கூட்டம் சேர்ப்பது பெரிய காரியம் இல்லை. நாலு பேரிடம் சொன்னால் பத்துப் பேர் வந்துவிடுவார்கள். வந்தவர் இரண்டாம் ஞாயிறும் வர வேண்டும், அதுதான் கஷ்டம். கீழே இருக்கிற அத்தனையும் அந்த இரண்டாம் ஞாயிறுக்காகவே.

எப்போது, எங்கே

காலை ஆறரைக்கு உட்கார்ந்து எட்டரைக்கு எழுந்துவிடுங்கள். சித்திரை, வைகாசியில் ஆறு மணிக்கே. பத்து மணி என்று வைத்தால் வெயில் ஒரு பக்கம் இருக்கட்டும், பெண்கள் வர மாட்டார்கள். ஞாயிறன்றுதான் வீட்டில் கறியோ மீனோ எடுப்பார்கள், அடுப்பு வேலை அன்றைக்குத்தான் அதிகம். எட்டரை என்றால் எட்டரை. கூட்டம் இழுத்துக்கொண்டே போனால் அடுத்த வாரம் வீட்டில் விட மாட்டார்கள்.

இடத்துக்கு மூன்று வேண்டும்: உட்கார நிழல், நடக்கும் தூரத்தில் கழிப்பறை, ஒரு டீக்கடை. கழிப்பறை இல்லாத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு நாங்கள் முதல் வருஷம் நாலைந்து பெண்களை இழந்தோம்.

புதியவர்களை மலைக்க வைக்கும் இடத்துக்கு முதல் நாளே கூட்டிப் போகாதீர்கள். சாரங்கபாணி கோயில் ராஜகோபுரம் பதினொரு நிலை. அதன் முன்னால் உட்கார்ந்த ஒரு தங்கைக்கு மூன்றாம் நிலை முடிவதற்குள் தாள் தீர்ந்துபோனது. நோட்டை மூடிப் பைக்குள் வைத்தவர் பிறகு வரவே இல்லை. இப்போது புதியவர்களை மகாமகக் குளத்துக்கு அழைத்துப் போகிறோம். கரையைச் சுற்றிப் பதினாறு மண்டபங்கள். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டால் அடுத்தவர் தாளை எட்டிப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. தூண்கள், மேலே சின்ன விமானம், கீழே படிகள், அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். முடித்த படத்தோடு வீடு போகிறவர்தான் திரும்ப வருவார். உங்கள் ஊரில் ஊருணிக்கரை, பழைய ரயில் நிலையம், பேருந்து நிறுத்தத்து வேப்பமரம் என்று அந்த அளவில் ஏதாவது கட்டாயம் இருக்கும்.

இன்னொரு உதவியும் செய்யலாம். பழைய புடவைப் பெட்டி அட்டையில் மூன்றுக்கு நாலு அங்குலத்தில் ஒரு சன்னல் வெட்டி ஆளுக்கொன்று கொடுங்கள். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஓட்டை வழியாகப் பார்த்து, அதற்குள் தெரிவதை மட்டும் வரையச் சொல்லுங்கள். எதை விடுவது என்ற குழப்பம் பாதி குறைந்துவிடும்.

காவிரிக் கரைக்கு நாங்கள் வருஷத்தில் இரண்டு தடவை போவோம். மேட்டூரில் ஜூன் 12 வாக்கில் திறந்தால், தண்ணீர் நம் பக்கம் வந்த பிறகு ஒரு தடவை. மணல் மட்டும் கிடக்கும் பங்குனியில் ஒரு தடவை. ஒரே பகவத் படித்துறை, இரண்டு வேறு படம். படித்துறையில் குளிப்பவர்களை வரைவதில்லை என்பது எங்கள் கட்டுப்பாடு. பூக்காரம்மாவை வரைவதானால் முதலில் கேட்க வேண்டும், முடித்ததும் அவரிடம் காட்ட வேண்டும். கோயிலுக்குள் என்றால் முதல் நாளே அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். படம் வைத்து வரையும் கால் வைத்த ஸ்டாண்டை விரிக்காமல் மடியிலேயே அட்டையை வைத்து வரையுங்கள், நடைபாதையை அடைக்காமல் இருக்கும்.

என்னென்ன வாங்குவது

முதல் மாதம் எதையும் வாங்கச் சொல்லாதீர்கள். பரீட்சைக்குப் பிள்ளைகள் எடுத்துப் போகும் கிளிப் அட்டை, நாலு சாதா வெள்ளைத் தாள், ஒரு ஹெச்பி பென்சில், ஒரு 4பி பென்சில், இவை போதும். ரப்பர் மட்டும் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரப்பர் இருந்தால் ஒரு மணி நேரம் அழிப்பதிலேயே போகும். தப்பான கோட்டுக்குப் பக்கத்தில் சரியான கோட்டைப் போடச் சொல்லுங்கள். தப்பும் தாளில் இருந்தால்தான் எவ்வளவு தள்ளிப் போட்டோம் என்று கண்ணுக்குத் தெரியும்.

நீர்வண்ணத்துக்குப் போகும்போது தாளில் கஞ்சம் வேண்டாம். மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் அலை அலையாக எழும்பிவிடும், தனக்குக் கை வரவில்லை என்று அவர் நினைத்துக்கொள்வார். 300 ஜிஎஸ்எம் என்று கேட்டுத் தடிமனான தாள் வாங்குங்கள். முழுத் தாள் 22 அங்குலத்துக்கு 30 அங்குலம் வரும். எட்டாக வெட்டினால் ஏழரைக்குப் பதினொன்று, கிளிப் அட்டையில் கச்சிதமாக உட்காரும். முழுத் தாளாக வாங்கிப் பங்கு போட்டால் தலைக்கு ஆகிற செலவு குறையும். அட்டை வைக்க, மிஞ்சின லைனிங் துணியில் நானே பை தைத்துக் கொடுத்துவிடுகிறேன்.

அந்த இரண்டு மணி நேரம்

முதல் பதினைந்து நிமிஷம் தாளைப் பார்க்காமல் வரைய வேண்டும். கண் எதிரே இருக்கும் பொருளின் ஓரத்திலேயே நகரட்டும், பென்சில் கண்ணோடு சேர்ந்து நகரட்டும், குனிந்து பார்க்கக் கூடாது. செருப்போ டீ கிளாஸோ எதுவானாலும் சரி. எல்லார் படமும் கோணல் மாணலாகத்தான் வரும். வாத்தியாருடையதும் அப்படித்தான், எட்டு வயதுப் பையனுடையதும் அப்படித்தான். பயம் போவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பிறகு ஒன்றே கால் மணி நேரம் அவரவர் இடத்தில் அவரவர் வேலை. பேச்சு வேண்டாம். பாட்டும் வேண்டாம்.

கடைசி அரைமணி நேரம்தான் கூட்டத்தின் உயிர். ஒரு ஜமுக்காளத்தை விரித்து, எல்லாரும் ஒரே சமயத்தில் நோட்டைத் திறந்து வைக்க வேண்டும். ஒவ்வொருவராகக் காட்டச் சொன்னால் கூச்சப்படுகிறவர் கடைசி வரை காட்ட மாட்டார். நர்ஸ் ஒருவர் முதல் மூன்று வாரமும், “வேணாம்க்கா, நல்லா இல்ல” என்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். பத்துப் பதினைந்து நோட்டு ஒன்றாக விரிந்து கிடந்த நாலாவது வாரம் அவரே ஓரமாகக் கொண்டுவந்து வைத்தார்.

அங்கே “சூப்பர்”, “அழகா இருக்கு” என்று சொல்ல நாங்கள் விடுவதில்லை. அதைக் கேட்டவருக்கு அடுத்த படத்துக்கு எடுத்துப்போக ஒன்றும் கிடைப்பதில்லை. ஒருவர் படத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டி, அங்கே என்ன நடந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். “இந்தத் தூண் அடியில நிழலை அழுத்திப் போட்டீங்க பாருங்க, அதனாலதான் தூண் தரையில நிக்குது” என்பது மாதிரி. குறை சொல்வது, வரைந்தவர் கேட்டால் மட்டும். ஒருவர் படத்தில் இன்னொருவர் கை வைத்துத் திருத்துவது கிடையாது. இதில் நான் கண்டிப்பானவள். வயதில் மூத்தவரானாலும் தடுத்திருக்கிறேன்.

மாதம் ஒரு பட்டறை

முதல் பட்டறைக்கு வெளியூரிலிருந்து ஓர் ஓவியரை அழைத்தோம். நல்ல கைவேலைக்காரர். இரண்டரை மணி நேரம் அவரே வரைந்தார், இருபத்திரண்டு பேர் சுற்றி நின்று பார்த்தோம், கை தட்டினோம். அடுத்த ஞாயிறு வந்தது நாலு பேர். பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்கு அவருடைய கை எட்டாத தூரத்தில் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து, சொல்லித் தருகிறவர் பத்து நிமிஷத்துக்கு மேல் தொடர்ந்து வரையக் கூடாது என்று வைத்திருக்கிறோம். பத்து நிமிஷம் அவர் செய்து காட்ட வேண்டும், அரைமணி நேரம் நாங்கள் செய்ய வேண்டும், மறுபடி பத்து நிமிஷம். அழைக்கும்போதே பணிவாகச் சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எங்களுக்கு நன்றாக அமைந்த பட்டறை, ஆள் உருவம் வரைவது. அதற்கு வழி வெண்கலச் சிலை வார்க்கும் சுவாமிமலையில் கிடைத்தது. அங்கே ஸ்தபதிகள் மெழுகில் உருவம் பிடிப்பதற்கு முன், சிலையின் உயரத்துக்குத் தென்னங்கீற்றை வெட்டி, மடித்து மடித்து அளவு குறித்துக்கொள்வார்கள். அதற்கு ஒடியோலை என்று பெயர். சிலைப் பட்டறை வாசலில் நின்று அந்த ஓலையை முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவின் வேலையை ஒரு கீற்று ஓலை அத்தனை காலமாகச் செய்துகொண்டிருக்கிறது.

நாங்கள் அதைக் காகிதத்தில் செய்கிறோம். வரையப் போகும் உருவத்தின் உயரத்துக்கு ஒரு நீளத் துண்டு வெட்டுங்கள். மூன்றாக மடித்து, அதை மறுபடி மூன்றாக மடியுங்கள். பிரித்தால் ஒன்பது பங்கு. இதுதான் சிற்ப நூல்கள் சொல்லும் நவதாளம், ஒரு பங்கு ஒரு தாளம். ஒரு தாளம் 12 அங்குலம், மொத்தம் 108. இந்த அங்குலம் நம் நாடாவில் இருக்கிற அங்குலம் இல்லை, சிலைக்குச் சிலை அதன் உயரத்தைப் பொறுத்து மாறும் பங்கு. முகத்துக்கு 12, கழுத்துக்கு 4, கழுத்திலிருந்து மார்பு 12, மார்பிலிருந்து தொப்புள் 12, அங்கிருந்து இடுப்பின் அடி 12, தொடை 24, முழங்கால் 4, கீழ்க்கால் 24, பாதம் 4. சிற்ப நூலுக்குச் சிற்ப நூல் சிறிது மாறும் என்றாலும் வரையப் பழக இது தாராளம்.

அதன் பிறகு ஜோடி ஜோடியாக நிற்க வைத்து நாடாவைக் கையில் கொடுத்துவிடுவேன். நெற்றி முடியிலிருந்து தாடை வரை ஒன்று, தலை உச்சியிலிருந்து தாடை வரை ஒன்று, முழு உயரம் ஒன்று. என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம், முகம் ஏழு அங்குலம். வகுத்தால் ஒன்பது! உச்சியிலிருந்து எடுத்த தலையால் வகுத்தால் ஏழரை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தத் தலைக் கணக்கு ஆறுகூட வராது. தலையைப் பெரிதாகவும் காலைக் குட்டையாகவும் போடுவதுதான் புதியவர்கள் எல்லாருக்கும் வரும் பிசகு. ஒருமுறை தன் கையால் அளந்தவர் அதைத் திரும்பச் செய்வதில்லை. இன்னொன்றும் அளக்கச் சொல்லுங்கள்: கண், தலையின் நடுவில் இருக்கிறது. பாதிப் பேர் அதை நெற்றியில் கொண்டுபோய் வைப்பார்கள்.

அளவு பிடிபட்ட பின் வேகம். எங்களில் ஒருவரே எதிரில் நிற்பார். முப்பது விநாடிக்கு ஒன்றாக ஐந்து படம், ஒரு நிமிஷத்துக்கு ஒன்றாக ஐந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாக இரண்டு. துணி துவைப்பது, குடம் தூக்குவது, மிஷின் மிதிப்பது என்று வேலை செய்கிற உடம்பாக நிற்கச் சொல்லுங்கள். சும்மா நின்றால் விறைத்துப்போவார்கள்.

நீர்வண்ணப் பட்டறையை இரண்டே நிறத்தில் வைப்போம், அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும். இரண்டையும் கலந்தால் நம் கோயில் கல்லின் சாம்பல் நிறம் வரும். நீலம் கூடினால் நிழல் பக்கம், பழுப்பு கூடினால் வெயில் பக்கம். இதற்குத் தாராசுரம் போவோம். ஐராவதேஸ்வரர் கோயிலில் சக்கரமும் குதிரையுமாகத் தேர் போல அமைந்த மண்டபம் காலை வெயிலில் இந்த இரண்டு நிறத்துக்கு அப்படி ஒத்துவரும். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் அங்கே இருக்கிறது. ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. குழந்தைகளை அதன் முன் உட்கார வைத்துவிட்டால் எழுந்திருக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் வண்ணம் காயாது, தாழ்ந்த முற்றத்தில் தண்ணீரும் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் என் கடை மாடியில் பேனா மைப் பட்டறைதான். மூங்கில் குச்சியைச் சீவி, சாதா ஃபவுண்டன் பேனா மையில் தோய்த்துக் கோடு போட்டு, காய்ந்ததும் ஈரத் தூரிகையை ஓட்டினால் கோடு கரைந்து தானாக நிழல் விழும்.

பணமும் கண்காட்சியும்

மாதம் தலைக்கு ஐம்பது ரூபாய். மாணவர்களுக்குக் கிடையாது. வரவு செலவைப் பாத்திரக் கடைத் தம்பி ஒரு நோட்டில் எழுதி ஜமுக்காளத்தின் மேலேயே வைத்துவிடுவார், யார் வேண்டுமானாலும் புரட்டலாம். வாட்ஸ்அப்பில் வெள்ளிக்கிழமை இடமும் நேரமும், ஞாயிறு மதியம் படங்கள். வேறெதுவும் அங்கே போடுவதில்லை.

வருஷத்துக்கு ஒரு கண்காட்சி வையுங்கள். ஆளுக்கு இரண்டு படம், அவரவரே தேர்ந்தெடுத்தது. நடுவர், பரிசு எதுவும் வேண்டாம். பரிசு வைத்த வருஷம் மூன்று பேருக்குச் சந்தோஷம், மற்றவர்களுக்கு மனத்தாங்கல். சுவரில் டேப் ஒட்டாதீர்கள். ஒரு மண்டபத்தில் டேப்போடு சுண்ணாம்பும் பெயர்ந்து வந்து, வெள்ளையடித்துக் கொடுத்தோம். நைலான் கயிற்றை இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டித் துணிக் கிளிப்பில் மாட்டுங்கள். படத்தின் நடுப்பகுதி ஐந்தடி உயரத்தில் வரட்டும். குழந்தைகள் படத்துக்கு மட்டும் இன்னொரு கயிறு, மூன்றடியில். படத்தின் கீழே பெயர், வரைந்த இடம், தேதி, மூன்றும் அவரவர் கையெழுத்தில்.

பார்க்க வருகிறவர்களில் யாராவது ஒரே படத்தின் முன் ரொம்ப நேரம் நின்றால், பக்கத்தில் போய் நின்று கேளுங்கள், “நீங்களும் வரைவீங்களா?” பெரும்பாலும் “சின்ன வயசுல வரைஞ்சது” என்பார்கள். வாசலில் ஒரு மேசை போட்டுக் கிளிப் அட்டை, தாள், பென்சில் வைத்திருங்கள். எதிரே ஒரு செம்போ வாழைப்பூவோ. உட்கார்ந்து ஒரு படம் போட்டவரிடம், வரும் ஞாயிறு எங்கே கூடுகிறோம் என்று அந்தத் தாளின் பின்பக்கமே எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.