அப்பாவின் லேத்தை எடைக்குப் போடுவதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் வீட்டை ஒட்டியே லேத் (உலோகத்தைக் கடையும் இயந்திரம்) பட்டறை வைத்திருப்பவர்கள் ஏராளம். பம்ப், மோட்டார், கிரைண்டர் கம்பெனிகளுக்குக் கூலிக்குப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் அவர்கள். அப்படி ஒருவர் காலமானால், இயந்திரங்களைக் கேட்டு முதலில் வாசலுக்கு வருபவர் பெரும்பாலும் பழைய இரும்பு வியாபாரிதான். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் ஒரு விலையும் சொல்லிவிடுவார். "மழைக்காலம் வந்தால் துருப்பிடித்துவிடும், அப்புறம் இதுகூடக் கிடைக்காது" என்பார். துருப்பிடிக்கும் என்பது உண்மைதான். அதற்கு வழி, லேத்தின் நீண்ட அடித்தளமான பெட்டின் மீதும், கடைய வேண்டிய பொருளைப் பிடிக்கும் சக்கின் மீதும் கெட்டியாக எண்ணெய் தடவி மூடி வைப்பது. காரியத்துக்கு முன்பே விற்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

எடைக்கான விலையை அடிமட்ட விலையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் எடையுள்ள லேத், கிலோ 30 ரூபாய் என்று கணக்கிட்டால் 30,000 ரூபாய். யார் என்ன குறை சொன்னாலும் அதற்குக் கீழே இறங்க வேண்டியதில்லை. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அப்பா எத்தனை லட்சம் கொடுத்து வாங்கினார், இன்று புதிதாக வாங்கினால் என்ன விலை என்பதையெல்லாம் வைத்துக்கொண்டு பிடிவாதம் பிடிப்பது. வாங்குகிறவர் பார்ப்பது ஒன்றைத்தான்: இதைக் கொண்டுபோய்ப் போட்டால் மறுநாளே வேலை ஓடுமா?

ஆகவே முதலில் பெயர்த்தகட்டைப் பாருங்கள். 1953-இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி., ஹரிஹரில் இயங்கிய மைசூர் கிர்லோஸ்கர் ஆகியவற்றின் லேத்துகளை, நன்றாக இருந்தால், எவ்வளவு பழையதானாலும் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கோவைக்காரர்களுக்குப் பி.எஸ்.ஜி. லேத்தையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ராஜ்கோட், பட்டாலாவிலிருந்து வந்தவற்றில் நல்லதும் உண்டு, மட்டமும் உண்டு. இயந்திரத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மாடல், வரிசை எண், பெட் எத்தனை அடி, மோட்டார் எத்தனை எச்.பி. (குதிரைத்திறன்) ஆகியவற்றைக் குறித்துப் படமும் எடுத்து வைத்தால், தொலைபேசியிலேயே பாதிப் பேச்சு முடிந்துவிடும். சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் மெஷினுக்குக் கேட்பு இருக்கும். முன்னும் பின்னும் ஓடி உலோகத்தைச் சீவும் ஷேப்பரை மட்டும் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு எடைக்குக் கொடுத்துவிடலாம். அந்த வேலை மில்லிங்குக்கும், கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரங்களுக்கும் போய்விட்டது.

பெரிய நஷ்டம் லேத்தின் விலையில் வருவதைவிட, ஷெட்டைச் சுத்தம் செய்யும் நாளில்தான் அதிகம் வருகிறது. விற்பதற்கு முன் ஒழுங்குபடுத்துகிறோம் என்று நினைத்து, எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த டப்பாக்களையும் மூலையில் கிடக்கும் பல்சக்கரங்களையும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பல்சக்கரங்கள் லேத்தின் சேஞ்ச் கியர்கள். அவை இல்லாவிட்டால் பழைய லேத்தில் வேண்டிய மரையை (திருகுப் புரியை) வெட்ட முடியாது. அவற்றில் 127 பல் கொண்ட பெரிய கியர் ஒன்று இருக்கலாம். லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது கருவியை நகர்த்தும் நீண்ட திருகு) அங்குலக் கணக்கில் உள்ள லேத்தில் மில்லிமீட்டர் மரையைத் துல்லியமாக வெட்ட உதவுவது அதுதான். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதன் ஐந்து மடங்கு 127. எடைக்குப் போட்டால் சில பத்து ரூபாய் கிடைக்கும் அந்தச் சக்கரம் இல்லாததைக் காட்டி, வாங்க வருபவர் விலையில் ஆயிரக்கணக்கில் குறைப்பார். குறைப்பது நியாயமும்கூட.

மூன்று ஜா (பிடிக்கும் தாடை) உள்ள சக்குக்கு வெளிப்பக்கம் பிடிக்கும் ஜாக்கள் தனியாக ஏதாவது டப்பாவில் இருக்கும். 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். நாலு ஜா சக், ஃபேஸ்பிளேட் (பொருளைப் பூட்டும் தட்டு), ஸ்டெடி (நீண்ட தண்டைத் தாங்குவது), சக் சாவி எல்லாவற்றையும் தேடி எடுத்து, அந்தந்த இயந்திரத்தின் பக்கத்திலேயே வையுங்கள். அளவுக் கருவிகள் வேறு கதை. மிட்டுடோயோ மைக்ரோமீட்டர், வெர்னியர், டயல், ஸ்லிப் கேஜ் (அளவைச் சரிபார்க்கும் துண்டுகள்) பெட்டி ஆகியவற்றை லேத்தோடு சேர்த்துக் கொடுக்காமல் தனியாக விற்பதே நல்லது. வெட்டும் கருவியின் முனையில் இருக்கும் கார்பைடு டிப்புகள் தேய்ந்திருந்தாலும் அவற்றைப் பழைய இரும்போடு கலக்கவே கூடாது. கையில் எடுத்தாலே தெரியும். அதே அளவு இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கும். அதில் உள்ள டங்ஸ்டனுக்காகவே அதை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், விலையும் இரும்போடு ஒப்பிடக்கூடியது அல்ல. ஹைஸ்பீட் ஸ்டீல் டூல்களையும் டிரில்களையும் தனி வாளியில் போடுங்கள்.

அதே ஷெட்டில் உங்களுடையது அல்லாத பொருள்களும் இருக்கும். ஜாப் ஒர்க்குக்கு வந்த வார்ப்புகள், கம்பெனிக்காரர் கொடுத்த ஜிக், ஃபிக்ஸ்சர், டை போன்ற வேலைக்கான துணைக் கருவிகள் எல்லாம் அவர்களுடைய சொத்து. டெலிவரி சலான் நோட்டைப் பார்த்து ஒவ்வொருவரையும் அழைத்துச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதே, அப்பாவுக்கு வர வேண்டிய கூலி பாக்கியையும் கேட்டுவிடலாம். ஆக்சிஜன், அசிட்டிலின் சிலிண்டர் இருந்தால் அவை பெரும்பாலும் டெபாசிட்டில் எடுத்தவை. ஏஜென்சிக்குத்தான் போக வேண்டும். வெட்டுவதற்காக இரும்புக் கடைக்கு அனுப்பினால் உயிருக்கே ஆபத்து.

இந்த வேலைகளுக்கெல்லாம் அப்பாவிடம் வேலை பார்த்தவரைக் கூப்பிடுங்கள், அந்த நாளுக்கான கூலியும் கொடுங்கள். எந்த கியர் எதற்கு, எந்த இயந்திரத்தில் என்ன கோளாறு என்பது அவருக்குத்தான் தெரியும். அவரே வாங்க விரும்பினால் முதல் உரிமை அவருக்குத் தரலாம் என்பது என் கருத்து. தவணையில் கொடுப்பதாக இருந்தால் எழுதி வாங்குங்கள். நாளைக்கு இரு தரப்புக்கும் வருத்தம் வராது.

பளபளப்பாகக் காட்ட வேண்டும் என்று பெட்டை உப்புத்தாளால் தேய்ப்பதும், புதுப் பெயின்ட் அடிப்பதும் வேண்டாத வேலை. லேத்தின் துல்லியமே பெட்டின் பரப்பில்தான் இருக்கிறது; அதைத் தேய்த்தால் போனது போனதுதான். புதுப் பெயின்டைப் பார்த்த, லேத் ஓட்டும் டர்னர் உள்ளே எந்த விரிசலை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் யோசிப்பார். மண்ணெண்ணெய் தொட்டுத் துணியால் துடைத்து, எண்ணெய் போட்டால் போதும்.

மாதாமாதம் கட்டணம் வருகிறதே என்று த்ரீ பேஸ் மின் இணைப்பை முதலில் ஒப்படைப்பவர்களும் உண்டு. ஓட்டிக் காட்ட முடியாத இயந்திரத்துக்கு யாரும் ஓடும் இயந்திரத்தின் விலையைக் கொடுக்க மாட்டார்கள். சத்தமில்லாமல் எல்லா ஸ்பீடிலும் ஓடி, ஒரு தண்டைக் கடைந்து காட்டினால் பாதிப் பேரம் அங்கேயே முடிந்துவிடும். "பெட் தேய்ந்துவிட்டது" என்று வருகிறவர் எல்லோரும் சொல்வார்கள். உண்மையா என்று நீங்களே பார்க்கலாம். தேய்மானம் சக் பக்கத்தில்தான் அதிகம் இருக்கும். கருவியைத் தாங்கிப் பெட்டின் மீது நகரும் சேடிலை அங்கே லேசாக ஓடும்படி இறுக்கிவிட்டு, மறுமுனையான டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளிப் பாருங்கள். போகப் போகப் பிடித்துக்கொண்டால் அவர் சொல்வது சரி.

நல்ல லேத்தை மட்டும் தனியாக வாங்கிக்கொள்கிறேன் என்று வருபவரிடம் அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். வாழைத்தாரில் மேல் சீப்பை மட்டும் அறுத்துக் கொடுத்தால் மீதியை யார் கேட்பார்கள்? ஒன்று, ஒவ்வொன்றாக விற்கத் தேவையான பொறுமையும் இடமும் உங்களிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் மொத்தமாக விலை பேச வேண்டும். எப்படியானாலும் பழைய இயந்திர வியாபாரி ஒருவர், பட்டறை நடத்தும் ஒருவர் என்று குறைந்தது இருவகை ஆட்களிடம் விலை கேளுங்கள். ஒரே சந்தில் இருக்கும் மூன்று வியாபாரிகளிடம் கேட்பது ஒருவரிடம் கேட்பதற்குச் சமம்.

பணம் வாங்குவதற்கு முன் வாரிசுகள் எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா என்று பாருங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்தில் மனைவி, மகன், மகளோடு அவருடைய தாயாருக்கும் சம பங்கு உண்டு. பாட்டியை மறந்துவிடுவார்கள், திருமணமாகிப் போன அக்காவையும் மறந்துவிடுவார்கள். இயந்திரத்தின் மீது வங்கிக் கடன் நிலுவையில் இருந்தால், வங்கிக்குத் தெரியாமல் விற்கக் கூடாது. ஜிஎஸ்டி பதிவு இருந்து, வாங்கியபோது உள்ளீட்டு வரி வரவு எடுத்திருந்தால் விற்பனைக்கும் வரிக் கணக்கு வரும். ஆடிட்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

முழுப் பணமும் வந்த பிறகே இயந்திரம் ஷெட்டைவிட்டு வெளியேற வேண்டும். ஏற்றுகிற பொறுப்பு வாங்குபவருடையது என்று ரசீதிலேயே எழுதுங்கள். ஆனாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். சக் இருக்கும் ஹெட்ஸ்டாக் பக்கம்தான் கனம் அதிகம். கயிறு லீட் ஸ்க்ரூவை அழுத்தினால் அது வளைந்துவிடும், சண்டை உங்கள் வாசலில் நடக்கும். கடைசி இயந்திரமும் போன பிறகு, வாரிசு ஆவணங்களோடு மின்வாரியத்தில் விண்ணப்பித்து இணைப்பை ஒப்படையுங்கள். அதற்குக் கட்டிய டெபாசிட்டையும் கேட்டு வாங்குங்கள்.