ஆட்டோகேடில் ஸ்கிரிப்ட் ஃபைல்: திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை ஒரே முறை எழுதி வைப்பது எப்படி?

சென்னையில் கட்டடக் கலைஞர்கள், கட்டமைப்பு ஆலோசகர்கள், நில அளவையாளர்கள் ஆகியோரின் சிறிய அலுவலகங்களில் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளின் முன் அமரும் வரைவாளரின் நேரத்தில் கணிசமான பங்கு வரைவதற்குச் செலவாவதில்லை. புதிய வரைபடத்தில் அதே லேயர்களை (வரைபடத்தின் அடுக்குகளை) மீண்டும் உருவாக்குவது, பயன்படாத பிளாக்குகளை (ஒன்றாகச் சேர்த்துப் பெயரிட்ட வரைகூறுகளை) நீக்குவது, நூற்றுக்கணக்கான அளவைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக இடுவது என்று கை மட்டும் உழைக்கும் வேலைகளிலேயே அது கரைகிறது. இவற்றை ஸ்கிரிப்ட் ஃபைலிடம் ஒப்படைக்க நிரலாக்கம் கற்றிருக்க வேண்டியதில்லை. கட்டளை வரி, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் இடம், என்ன கேட்கிறது, அதற்கு நாம் எந்த வரிசையில் விடை தருகிறோம் என்பதைக் கூர்ந்து பார்க்கத் தெரிந்தால் போதும். கீழே கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ஃபைலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

ஸ்கிரிப்ட் என்பது நோட்பேடில் எழுதப்படும் வெறும் உரை ஃபைல். அதன் பெயர் எஸ்.சி.ஆர் என்ற பின்னொட்டுடன் முடிய வேண்டும். சேமிக்கும்போது ஃபைல் வகையில் 'எல்லா ஃபைல்களும்' என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால், நோட்பேட் தன் டி.எக்ஸ்.டி பின்னொட்டைக் கடைசியில் ஒட்டிவிடும். விண்டோஸ் வழக்கமாகப் பின்னொட்டுகளை மறைத்தே காட்டுவதால் அது கண்ணிலும் படாது. ஃபைலை இயக்க, ஸ்கிரிப்ட் என்ற கட்டளையைக் கொடுத்து அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் ஆகிய மென்பொருள்களும் இதே வகை ஃபைலை ஏற்கின்றன.

முதலில், ஸ்கிரிப்டாக எழுத வேண்டிய வேலையைக் கட்டளை வரி வழியாக ஒரு முறை கையால் செய்து பாருங்கள். பல கட்டளைகள் உரையாடல் பெட்டியைத் திறக்கும். ஸ்கிரிப்டால் அந்தப் பெட்டிக்குள் சொடுக்க முடியாது. கட்டளையின் முன்னால் ஒரு சிறுகோடு இட்டால், பெட்டி திறக்காமல் கேள்விகள் கட்டளை வரியிலேயே வரும். உதாரணமாக '-லேயர்' என்று கொடுத்து, புதிதாக உருவாக்க 'எம்', பிறகு லேயரின் பெயர் 'கிரிட்', நிறத்துக்கு 'சி', சிவப்புக்கு 1, மீண்டும் 'கிரிட்' என்று வரிசையாக விடை தர வேண்டும். அதன் பிறகும் கட்டளை முடியாது; அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டே நிற்கும். வெறும் என்டர் அழுத்தினால்தான் வெளியேறும். எஃப்2 விசையை அழுத்தினால் இந்த உரையாடல் முழுவதும் தெரியும். நீங்கள் தந்த விடைகளை அங்கிருந்து அப்படியே வரிக்கு ஒன்றாக எடுத்து எழுதுங்கள். கடைசியில் அழுத்திய வெறும் என்டருக்கு ஒரு வெற்று வரி விடுங்கள்.

ஸ்கிரிப்ட் எழுதுபவர் மனத்தில் இருத்த வேண்டிய விதி ஒன்று உண்டு: ஃபைலில் உள்ள ஒவ்வோர் இடைவெளியும் ஒவ்வொரு வரி முடிவும் என்டர் விசையாகவே கொள்ளப்படும். வரியின் இறுதியில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் ஓர் இடைவெளி, முந்தைய கட்டளையை மீண்டும் தொடங்கிவிடும். அதற்குப் பின் வரும் விடைகள் எல்லாம் ஒரு கேள்வி தள்ளிப் போய் விழும். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் முழுப் பாதையையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் அடைக்க வேண்டும். ஃபைலின் கடைசி வரிக்குப் பிறகு என்டர் இல்லாவிட்டால் இறுதிக் கட்டளை பாதியில் நின்றுவிடும். அரைப்புள்ளியில் தொடங்கும் வரியை மென்பொருள் படிக்காது. ஆகவே எந்தப் பகுதி எதற்காக என்பதை அங்கே எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த ஃபைலைத் திறக்கும் இன்னொரு வரைவாளருக்கு அது பெரிய உதவி.

இனி, சென்னையில் அடிக்கடி தேவைப்படும் வேலைக்கு வருவோம். வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்வான பகுதிகளில் மனையின் தரைமட்டத்தை அளந்து வரைபடத்தில் குறிக்காமல் அடித்தளத்தைப் பற்றியோ மழைநீர் வடிகாலைப் பற்றியோ பேசவே முடியாது. டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியிலிருந்து வரும் பட்டியலை எக்செலில் திறந்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ஸ்கிரிப்ட் வரியைச் சூத்திரத்தால் உருவாக்கலாம். கிடைக்க வேண்டிய வரி இப்படி இருக்கும்:

-டெக்ஸ்ட் 415420.362,1435210.518 0.5 0 3.450

கட்டளை, புள்ளியின் இடம், எழுத்தின் உயரம், சாய்வுக் கோணம், எழுத வேண்டிய மட்டம் என்பதே இதன் வரிசை. மேற்கோள் குறிக்குள் வைத்த நிலையான பகுதிகளையும் பட்டியலின் கட்டங்களையும் 'அண்ட்' குறியால் இணைத்து, சூத்திரத்தைக் கடைசிப் புள்ளி வரை இழுத்து, விளைவை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் ஸ்கிரிப்ட் தயார்.

இந்த ஒரு வரியில் தவறு நேரக்கூடிய இடங்கள் பல. அளவைப் பட்டியல்கள் பெரும்பாலும் வடக்கு எண்ணை (வடக்கு நோக்கிய தொலைவை) முதலிலும் கிழக்கு எண்ணை (கிழக்கு நோக்கிய தொலைவை) அடுத்தும் தருகின்றன. ஆட்டோகேடோ கிழக்கை முதலில் எதிர்பார்க்கும். உலகை மண்டலங்களாகப் பிரித்து இடங்களை மீட்டரில் குறிக்கும் யூ.டி.எம் முறையில் சென்னை 44ஆம் வடக்கு மண்டலத்தில் வருவதால், இங்கே கிழக்கு எண் ஆறு இலக்கத்திலும் வடக்கு எண் ஏழு இலக்கத்திலும் அமையும். இதை நினைவில் கொண்டால் இடமாற்றம் நேர்ந்திருப்பதை ஒரே பார்வையில் கண்டுபிடிக்கலாம். பிடிஎஃபிலிருந்து நகலெடுத்த எண்களில் லட்சம், ஆயிரம் பிரிக்கும் காற்புள்ளிகள் இருந்தால் அவற்றை முதலில் நீக்குங்கள், ஏனெனில் ஆட்டோகேடுக்குக் காற்புள்ளி என்பது ஓர் அச்சிலிருந்து அடுத்த அச்சுக்குச் செல்லும் அடையாளம். 3.450 என்ற மட்டத்தை எக்செல் 3.45 என்று சுருக்கிவிடும். அதன் டெக்ஸ்ட் செயற்கூற்றைப் பயன்படுத்தி மூன்று தசம இடங்களை நிலைநிறுத்த வேண்டும்.

இன்னும் நுட்பமானது எழுத்து உயரம். நடப்பில் உள்ள எழுத்துப் பாணியில் உயரம் ஏற்கெனவே நிர்ணயிக்கப்பட்டிருந்தால் ஆட்டோகேட் உயரத்தைக் கேட்காது. அப்போது 0.5 என்பது சாய்வுக் கோணமாகிவிடும். மீதமுள்ளவை எழுதப்படும் உரைக்குள் சென்றுவிடும். வரைபடத்தில் மட்டங்களுக்கு முன்னால் தேவையில்லாத சுழியம் தென்பட்டால் காரணம் இதுதான். உயரம் சுழியமாக உள்ள பாணியை ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே நடப்பாக்கிவிடுவது நல்லது.

ஸ்னாப் அமைப்பையும் கவனிக்க வேண்டும். கையால் தட்டும் ஆயத்தொலைவுகள் இயல்பாக ஆப்ஜெக்ட் ஸ்னாப்பை (புள்ளியை அருகிலுள்ள கோட்டின் முனை போன்ற இடத்துக்கு இழுக்கும் அமைப்பை) மீறிச் செயல்படும். ஸ்கிரிப்டில் வரும் ஆயத்தொலைவுகளுக்கு அந்தச் சலுகை இல்லை. அருகில் ஒரு கோட்டின் முனை இருந்தால் புள்ளி அங்கே தாவிவிடும். நில அளவையில் இது மன்னிக்க முடியாத பிழை, ஏனெனில் வரைபடம் பார்ப்பதற்குச் சரியாகவே தோன்றும். ஸ்கிரிப்டின் முதல் வரிகளில் ஓஸ்னாப்கூர்ட் என்ற அமைப்பு மாறியை 1 ஆக்கிவிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

முதல் சோதனையை வரைபடத்தின் நகலில், ஐந்தாறு புள்ளிகளை மட்டும் வைத்து நடத்துங்கள்; அந்தக் கட்டத்தில் சேமிக்கும் கட்டளையை ஸ்கிரிப்டில் சேர்க்காதீர்கள். விளைவு தவறாக இருந்தால் ஒரே ஒரு அன்டூ முழு ஸ்கிரிப்டையும் திரும்பப் பெற்றுவிடும். நடுவில் நிறுத்த எஸ்கேப் விசையையும், தொடர ரெஸ்யூம் கட்டளையையும் பயன்படுத்தலாம். ஸ்கிரிப்டில் ஃபைல் பெட்டிகளைத் தவிர்ப்பதற்காக ஃபைல்டயா மாறியை 0 ஆக்கியிருந்தால் இறுதியில் அதை 1 ஆக்க மறவாதீர்கள். ஸ்கிரிப்ட் நடுவில் நின்று அந்த வரி இயங்காமல் போனால், மறுநாள் ஓப்பன் கொடுக்கும்போது பெட்டி திறக்காது. கட்டளை வரியில் ஃபைல் பெயரைக் கேட்கும்.

ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லா வரைபடங்களுக்கும் ஒரே வேலையைச் செய்ய வேண்டுமானால், 2013ஆம் பதிப்பு முதல் ஆட்டோகேடுடன் வரும் ஏசிகோர்கன்சோல் என்ற நிரல் உதவும். அது சாளரத்தைத் திறக்காமலேயே வரைபடத்தை ஏற்றி ஸ்கிரிப்டை இயக்கும். '/ஐ' என்பதற்குப் பின் வரைபடத்தின் பெயரையும் '/எஸ்' என்பதற்குப் பின் ஸ்கிரிப்டின் பெயரையும் தர வேண்டும். விண்டோஸ் பேட்ச் ஃபைலில் (விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக இயக்கும் உரை ஃபைலில்) 'ஃபார்' சுழற்சிக்குள் இதை வைத்தால் வரைபடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். பேட்ச் ஃபைலுக்குள் மாறியின் முன் இரண்டு விழுக்காட்டுக் குறிகள் தேவை. இத்தகைய ஓட்டத்துக்கு ஏற்ற முதல் ஸ்கிரிப்ட், பயன்படாதவற்றை நீக்கிச் சேமிக்கும் '-பர்ஜ்', 'ஏ', நட்சத்திரக் குறி, 'என்', பிறகு 'க்யூசேவ்' என்பதே. பிளாக்குக்குள் பிளாக் இருக்கும் வரைபடங்களுக்கு பர்ஜ் பகுதியை இரண்டு மூன்று முறை எழுதிக்கொள்ளுங்கள். இது வரைபடங்களை நேரடியாக மாற்றிச் சேமிப்பதால், ஃபோல்டரை முதலில் வேறிடத்தில் நகலெடுத்து வைத்திருக்க வேண்டும்.

'இந்த லேயர் இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்ற முடிவு தேவைப்படும் இடத்தில் ஸ்கிரிப்டின் எல்லை வந்துவிடும். அங்கே 1986 முதல் ஆட்டோகேடில் உள்ள ஆட்டோலிஸ்ப் என்ற நிரல்மொழிதான் வழி. 2024ஆம் பதிப்பிலிருந்து, வசதிகள் குறைந்த ஆட்டோகேட் எல்டியிலும் அது கிடைக்கிறது. லிஸ்ப் கூற்றுகளை ஸ்கிரிப்டின் நடுவிலேயே எழுதலாம் என்பதால், ஓஸ்னாப்கூர்டின் பழைய மதிப்பை 'கெட்வார்' கொண்டு தொடக்கத்தில் எடுத்து வைத்து, முடிவில் 'செட்வார்' கொண்டு திருப்பி அமைக்கும் இரண்டு வரிகளிலிருந்து லிஸ்ப் கற்கத் தொடங்கலாம்.