நெடும்பயணத்தில் இன்சுலின்: சூடும் படாமல், உறையவும் விடாமல்

வெயிலுக்குப் பயந்து இன்சுலினை ஐஸுக்கு நடுவில் புதைத்துக் கொண்டுபோகிறவர்கள் நிறையப் பேர். சூட்டில் அதன் வீரியம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். உறைந்துவிட்டால் ஒரேயடியாக வீண். உருகியபின் பார்க்க நன்றாக இருந்தாலும் போடக்கூடாது. எனவே ஐஸ்மேல் ஒரு கண் இருக்கட்டும்.

படி 1: எதற்குக் குளிர் தேவை என்று பிரியுங்கள்

திறக்காத குப்பி, பேனாக்களுக்கு (இன்சுலின் போடும் பேனா வடிவக் கருவிகள்) 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். பயன்பாட்டில் இருக்கும் பேனாக்களில் பெரும்பாலானவை 30 டிகிரிக்குள் (சிலவற்றுக்கு 25) 28 நாள் வரை தாங்கும். டெக்ளூடெக் என்ற நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினுக்கு 56 நாள். சில கலவை இன்சுலின் பேனாக்களுக்கு 10 நாள்தான். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் உங்கள் மருந்துக்கான கணக்கு இருக்கும். திறந்த தேதியைப் பேனாமேல் எழுதி ஒட்டுங்கள். மிதமான பருவத்தில் நாலைந்து நாள் பயணம் என்றால், கையில் உள்ள பேனாவுக்கு ஐஸே வேண்டியதில்லை.

படி 2: இரண்டு மடங்கு, இரண்டு பைகளில்

தேவைப்படும் அளவைப்போல இரு மடங்கு எடுத்து, பாதியைக் கூட வருபவரின் கைப்பையில் வையுங்கள். பேனா ஊசிகள், குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. ஸ்ட்ரிப்பும் சூட்டில் கெடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

படி 3: குளிர்ப் பையைத் தயார்செய்தல்

ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக் ஏறக்குறைய மைனஸ் 18 டிகிரியில் இருக்கும். அதை நேராக இன்சுலின்மேல் வைத்தால் உறைந்துபோகும். வெளியே வைத்துவிட்டுக் காத்திருங்கள். குலுக்கும்போது உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்டால் 0 டிகிரிக்கு வந்துவிட்டது. அதன்பிறகு துண்டில் சுற்றி, இன்சுலினைத் தனி டப்பாவில் போட்டு, இரண்டும் தொடாதபடி அடுக்குங்கள். நடுவில் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வைக்கலாம். குறைந்த, அதிக அளவுகளைப் பதிந்து வைப்பதாக இருந்தால் நல்லது. கிளம்புவதற்கு முன்பே வீட்டில் ஒருநாள் சோதித்துவிடுங்கள்.

பை இல்லையா? அகலவாய் தெர்மாஸில் ஐஸ் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் கழித்துக் கொட்டி, துடைத்து, பேனாக்களைப் போட்டு மூடுங்கள். சில மணி நேரத்துக்குப் போதும்.

ஐஸே கிடைக்காத வழியில், தண்ணீரில் ஊறவைக்கும் கூலிங் பவுச் உதவும். பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம் ஊறினால் உள்ளிருக்கும் மணிகள் ஜெல்லாகும். கூடுதலாக ஊறினால் உப்பிப் பேனா நுழையாது. ஈரம் ஆவியாவதால்தான் இது குளிர்கிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினால் பலனில்லை. காற்று ஈரமாக இருக்கும் இடங்களில் பலன் குறைவு. ஃப்ரிட்ஜ் அளவுக்குக் குளிராது என்பதால் பயன்பாட்டில் உள்ள பேனாவுக்கே இது ஏற்றது.

படி 4: வழியில்

நிறுத்திய காரில் விட்டுப்போகவே கூடாது. டாஷ்போர்டும் டிக்கியும் அடுப்பாகிவிடும். விமானத்தில் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்காதீர்கள், உறைய வாய்ப்புண்டு, பெட்டி தொலையவும் செய்யும். மருந்துச் சீட்டோடு கைப்பையில் வைத்து, சோதனையின்போது முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஊசி போட்டவுடன் பேனாவிலிருந்து ஊசியைக் கழற்றுங்கள். மாட்டியே வைத்தால் சூடு ஏறி இறங்கும்போது மருந்து கசியும், காற்றுக் குமிழி நுழையும், அளவு குறையும். ஒவ்வொரு முறையும் 2 யூனிட் வெளியே விட்டுப் பார்த்துப் போடுங்கள்.

படி 5: தங்கும் அறையில்

ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டியும் ஃப்ரீசருக்குக் கீழேயும் வைக்காதீர்கள்; கதவுப் பக்கமே பத்திரம். சாவி அட்டையை எடுத்ததும் சில அறைகளில் ஃப்ரிட்ஜும் நின்றுவிடும், கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: போடும் முன்

தெளிவான இன்சுலின் கலங்கியோ துகளோடோ இருந்தால் தூக்கிப் போடுங்கள். என்பிஎச் (நடுத்தர நேரம் வேலை செய்யும் இன்சுலின்), கலவை வகைகள் இயல்பிலேயே பால்போல இருக்கும். மெதுவாக உருட்டிய பிறகும் கட்டியோ, கண்ணாடியில் பனிபோன்ற படலமோ தெரிந்தால் வேண்டாம். சூட்டில் கெட்டது கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். உணவும் அளவும் மாறாமல் சர்க்கரை ஏறிக்கொண்டே போனால் புதுப் பேனாவைத் திறங்கள். அப்போதும் இறங்காவிட்டாலோ வாந்தி, மூச்சிரைப்பு இருந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.