இரண்டு வயதுக் குழந்தையோடு கொலு: படி நமக்கு, பார்க் அவர்களுக்கு

நடக்கப் பழகிய குழந்தை இருக்கிற வீட்டில் கொலு வைத்தால் ஒன்பது நாளும் "தொடாதே" என்ற சத்தம்தான் அதிகம் கேட்கும். இதற்குப் பயந்தே பல பேர் குழந்தைக்கு விவரம் தெரியட்டும் என்று நாலைந்து வருஷம் கொலுவை நிறுத்திவிடுகிறார்கள். அது தேவையே இல்லை. கொலுவில் பிள்ளைகளுக்கென்று ஒரு இடம் காலங்காலமாக இருக்கிறது. படிகளுக்கு முன்னால் தரையில் கட்டுவோமே, அந்தப் பார்க். மண்ணைக் கொட்டி, கடுகு தூவி, குளம் வைத்து, தீப்பெட்டியில் வீடு கட்டி விளையாடிய ஞாபகம் நம்மில் நிறைய பேருக்கு இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்கிற வேலை என்று நினைக்கிறோம், ஆனால் இரண்டு வயதுக் குழந்தையிடமும் அதை ஒப்படைக்கலாம், அந்த வயசுக் கைக்கு எது வருமோ அதை மட்டும் கொடுத்தால் போதும். கிழிப்பது, பிசைவது, தூவுவது, ஊற்றுவது, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது, இந்த ஐந்தும் அவர்களுக்குப் பிரமாதமாக வரும். வெட்டுவதும் கோடு போட்டு ஒட்டுவதும் வராது. அதனால் எந்த வேலையையும் இந்த ஐந்துக்குள் அடக்கிப் பாருங்கள்.

முதலில் படி. குழந்தை வீட்டில் படியின் உறுதிதான் எல்லாவற்றையும் விட முக்கியம். டிரங்குப் பெட்டி, பலகை என்று அடுக்கி மேலே வேட்டி விரிக்கிற பழக்கம் இருந்தால் இந்த வருஷம் மட்டும் அதை விட்டுவிட்டு, நட்டு போட்டு முடுக்குகிற இரும்பு ஸ்டாண்டுக்கு மாறுங்கள், அதையும் சுவரோடு ஒட்டி வைத்து ஆட்டிப் பாருங்கள். வேட்டியின் கீழ் நுனி தொங்கக் கூடாது. குழந்தை அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்கும், மேல்படிப் பொம்மை எல்லாம் கூடவே வரும். நுனியை உள்ளே மடித்து, ஸ்டாண்டின் காலில் நாடாவால் இறுக்கிக் கட்டிவிடுங்கள், குண்டூசி வேண்டாம். கனமான மண் பொம்மைகளை நடுப்படிகளில் பின்னுக்குத் தள்ளி வையுங்கள். கீழ்ப்படியில் உடையாத சாமான்களாக இருக்கட்டும்: மரப்பாச்சி, மரச் சொப்பு, துணிப் பொம்மை. பாட்டி காலத்துப் பொம்மைகளின் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, அவை எட்டாத உயரத்தில் இருப்பதுதான் நல்லது. குத்துவிளக்கை உயரமான மேஜைக்கு மாற்றிவிடுங்கள், பெரியவர் ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் ஏற்றுங்கள்.

அப்புறம் தீம். தசாவதாரம், அறுபத்துமூவர் எல்லாம் படியில் இருந்துவிட்டுப் போகட்டும். குழந்தையின் பார்க்குக்கு "நம்ம தெரு" என்ற தீம்தான் என் தேர்வு, இதற்கு நிகராக வேறொன்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வயதில் குழந்தைக்குத் தெரிந்த உலகமே தெருதான்: காய்கறி வண்டி, இஸ்திரி வண்டி, தண்ணி லாரி, மாடு, நாய், முனையில் பிள்ளையார் கோயில். ஒரு வாரம் முன்னால் சாயங்காலம் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் மெதுவாக நடந்து வாருங்கள். எதைப் பார்த்து நிற்கிறது, எதைக் கை காட்டிக் கேட்கிறது என்று கவனியுங்கள். அதுதான் பார்க்கில் வர வேண்டிய பட்டியல். நமக்கு அழகாகத் தெரிகிற கோபுரத்தை விட மின்சாரப் பெட்டியின் மேல் படுத்திருக்கிற பூனை அதற்குப் பெரிய விஷயமாக இருக்கும், அப்படியானால் பூனைதான் செய்ய வேண்டும்.

புல்லில் இருந்து தொடங்கலாம், அதற்குத்தான் நாள் பிடிக்கும். கேழ்வரகு, கடுகு, வெந்தயம் மூன்றுமே நன்றாக வரும். வெந்தயத்தையும் கேழ்வரகையும் ஒரு ராத்திரி ஊற வைக்க வேண்டும், கடுகை அப்படியே தூவலாம். அகலமான பிளாஸ்டிக் தட்டிலோ பழைய தாம்பாளத்திலோ இரண்டு அங்குல உயரத்துக்கு மண் போட்டு, குழந்தை கையில் ஒரு பிடி விதையைக் கொடுத்துத் தூவச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் கொட்டும். கொட்டட்டும், பிறகு நீங்கள் கையால் லேசாகப் பரத்திவிடலாம். மெல்லிசாக மண் தூவி, ஈரத்துணியால் மூடி, நிழலில் வைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் முளை விடும், அப்போது துணியை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் ஐந்தாறு நாளில் பச்சைப் பசேல் என்று நிற்கும். மதுரைப் பக்கம் அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுகிறவர்களுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதே இல்லை. என் யோசனை: இரண்டு தட்டு போடுங்கள். ஒன்றை அமாவாசைக்கு ஒரு வாரம் முன்னால் விதைத்தால் முதல் நாளே பார்க்கில் புல் இருக்கும். இன்னொன்றைக் கொலு தொடங்குகிற அன்று விதைத்து வெறும் மண்ணாகவே வையுங்கள். தினமும் காலையில் எழுந்ததும் அதைப் போய்ப் பார்ப்பதும் தெளிப்பதும் குழந்தையின் வேலை. மண்ணிலிருந்து பச்சை எட்டிப் பார்க்கிற அந்தக் காலையை அது தவறவிடக் கூடாது.

வீடுகளுக்குத் தீப்பெட்டி சின்னது, இந்த வயசுக் கைக்கு டீத்தூள் பெட்டியும் பேஸ்ட் அட்டையும்தான் தோது. பசை வீட்டிலேயே காய்ச்சுங்கள்: ஒரு பங்கு மைதாவை நாலைந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தால் கண்ணாடி மாதிரி மினுங்கிக் கெட்டியாகும், இறக்கி ஆற வைத்தால் ஆயிற்று. ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சி வராமல் இருக்க இதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், குழந்தை கை வைக்கிற பசையில் சேர்க்கவே கூடாது. பழைய நாளிதழைக் குழந்தை கிழிக்கட்டும், அது எவ்வளவு கிழித்தாலும் வீணாகாது. கிழித்ததைப் பசையில் தோய்த்துப் பெட்டி மேல் அப்ப வேண்டும், அவ்வளவுதான். இரண்டு அடுக்கு காய்ந்ததும் மேலே ஒரு வெள்ளைத்தாள் அடுக்கு. மிச்சக் காகிதத்தை ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டுக் காலையில் பிழிந்து பசையோடு பிசைந்தால் காகிதக்கூழ் தயார், அதை உருட்டி வைத்தால் மரத்துக்குத் தலையாகும், மலையாகும். மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் கொலு பொம்மைகள் செய்கிறவர்கள் களிமண்ணோடு காகிதக்கூழையும்தான் பயன்படுத்துகிறார்கள். எடை குறைவு, கீழே விழுந்தாலும் சட்டென்று உடையாது.

மாடு, நாய், பூனைக்கெல்லாம் களிமண்தான். விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார் பிடித்துத் தருகிறவர்களிடம் அப்போதே கேட்டு ஒரு பெரிய உருண்டை வாங்கி, ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் நவராத்திரி வரை பதமாக இருக்கும், துணி காயாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மைதாவும் உப்பும் பிசைந்து செய்கிற மாவை நிறைய பேர் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். அதில் மாவில் பாதி அளவுக்கு உப்பு, எதையும் வாயில் வைக்கிற குழந்தை அதை விழுங்கினால் உடம்புக்கு ஆபத்து. தவிர, நம் ஊர் புரட்டாசி ஐப்பசி ஈரக்காற்றில் உப்பு தண்ணீரை இழுத்துப் பொம்மை நொசநொசவென்று ஆகிவிடும். இன்னும் எல்லாவற்றையும் வாயில் போடுகிற கட்டம் என்றால் களிமண்ணும் வேண்டாம், வெறும் சப்பாத்தி மாவைக் கொடுங்கள்.

குழந்தையின் உள்ளங்கைக்கு அடங்கிய ஒரு உருண்டையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒன்றைப் பிசையுங்கள். செய்து காட்டுவது போதும், திருத்த வேண்டாம். மாட்டின் உடம்பை நீங்கள் பிடித்து வைத்தால் கொம்பைக் குழந்தை ஒட்டும், அது முதுகில் ஒட்டினாலும் அப்படியே இருக்கட்டும். சாயங்காலம் பார்க்க வருகிறவர்களுக்காக நாம் ரகசியமாகச் சரிசெய்துவிட்டால் குழந்தைக்குத் தெரிந்துவிடும், தன்னுடையது காணோம் என்று தேடும். கனம் ஒரு அங்குலத்துக்குள் இருந்தால் வெடிக்காமல் காயும். வெயிலில் வைக்காதீர்கள், நிழலில் மூன்று நாலு நாள், தினம் ஒரு முறை புரட்டி வையுங்கள். மழை நாள் என்றால் இன்னும் இரண்டு நாள் கூடுதலாக.

வண்ணத்துக்குக் கடைப் பெயின்ட் தேவையில்லை. கோலத்துக்கு வாங்குகிற காவியைக் கரைத்தால் ஓட்டுக்கூரைக்கும் பிள்ளையார் கோயில் சுவருக்கும் அப்படியே பொருந்தும். பச்சரிசியை ஊற வைத்து அரைத்த மாவு வெள்ளைக்கு (கோகுலாஷ்டமிக்குக் கிருஷ்ணர் பாதம் வைப்போமே, அதே மாவுதான்). மஞ்சளுக்கு மஞ்சள் தூள், அதில் ஒரு சிட்டிகை ஆப்பசோடாவைக் குழந்தையையே போடச் சொல்லுங்கள், கண் முன்னாலேயே சிவப்பாக மாறும். ஆரத்தித் தண்ணீர் சிவக்கிற அதே விஷயம்தான், ஆனால் ஆரத்திக்குப் போடுகிற சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் அரிக்கும் என்பதால் இங்கே சோடா. பீட்ரூட் சாறு பூசும்போது அழகு, காய்ந்ததும் மங்கிப் பழுப்பாகிவிடும். பிரஷ்ஷைத் தேடாதீர்கள், விரலே போதும்.

குளத்துக்குக் கண்ணாடி வைக்கிற பழக்கத்தை இப்போதைக்கு விடுங்கள், அதன் ஓரம் கையைக் கிழிக்கும். எவர்சில்வர் தட்டில் அரை அங்குலம் தண்ணீர் போதும், காகிதக் கப்பல் மிதக்கும். பார்க்கை விட்டு எழுந்திருக்கும்போது கொட்டிவிடுங்கள். பார்க்கில் வைக்கிற எந்தச் சாமானும் டாய்லெட் பேப்பர் சுருளின் நடுவில் இருக்கிற அட்டைக் குழாய்க்குள் நுழையக் கூடாது. நுழைந்தால் அது தொண்டையிலும் அடைத்துக்கொள்ளும். சீரியல் லைட்டோ பேசுகிற பொம்மையோ பட்டன் பேட்டரியில் ஓடுகிறது என்றால் வாங்கவே வேண்டாம். அதை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடும்.

படியிலும் குழந்தைக்கு இரண்டு வேலை கொடுக்கலாம். ஒன்று, மரப்பாச்சிக்குத் துணி கட்டுவது. இந்த ஜோடியை வருஷா வருஷம் புதுசாக உடுத்தித்தான் வைப்போம், பழைய பட்டுப் பாவாடை, ரவிக்கைத் துண்டு இரண்டு மூன்றைக் காட்டி எது வேண்டும் என்று கேளுங்கள், தேர்ந்தெடுப்பது குழந்தை, முடிச்சுப் போடுவது நீங்கள். மணி, ஜமிக்கி ஒட்டாதீர்கள். இன்னொன்று, செட்டியார் கடை. செட்டியார் பொம்மைக்கு முன்னால் அரிசி பருப்பைப் பரப்பி வைப்போம் இல்லையா, அதைச் சொப்புக் கிண்ணங்களில் கரண்டியால் நிரப்புவதை அரை மணி நேரம் கூட உட்கார்ந்து செய்வார்கள். பருப்பை மூக்கில் திணிக்கிற வயசு இது, பயறு வகை உள்ளே போனால் ஊறிப் பெருக்கும், அதனால் அந்த அரை மணியும் நீங்கள் கூடவே இருக்க வேண்டும்.

ஒரு நாளைக் குழந்தைகளுக்கென்று ஒதுக்குங்கள். நாலைந்து குழந்தைகளுக்கு மேல் அழைக்காதீர்கள். மத்தியானத் தூக்கம் முடிந்து நாலரை மணிக்குத் தொடங்கினால் ஆறுக்குள் முடித்துவிடலாம். வருகிற ஒவ்வொரு குழந்தையும் வீட்டிலிருந்து ஒரு வண்டி பொம்மை கொண்டுவரட்டும், நம் தெருவில் அதை ஓட்டட்டும். படியை அன்று மட்டும் ஒரு சேலையால் மறைத்துவிட்டால் அவர்கள் கவனம் தரையிலேயே இருக்கும். சுண்டலுக்கு முழுக் கொண்டைக்கடலையும் வேர்க்கடலையும் வேண்டாம், நாலைந்து வயது வரை அவை புரையேறும். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துத் தேங்காய்ப்பூ போட்டால் போதும், அல்லது கொண்டைக்கடலையையே நன்றாக மசித்து உருட்டிக் கொடுங்கள். வெற்றிலை பாக்கோடு கொடுக்க, கொட்டாங்குச்சியில் வெந்தயம் முளைத்த புல். வெளிப்பக்கம் சாக்பீஸால் கண், மூக்கு வரைந்தால் பச்சை முடி வைத்த முகம் ஆகிவிடும். அதற்கு விதைப்பதை ஒரு வாரம் முன்னால் மறக்காமல் செய்ய வேண்டும்.

விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைப்பதைக் குழந்தையிடமே விடுங்கள், தலையணை தேடிக்கொண்டு வரும். மறுநாள் எடுத்து வைக்கும்போது களிமண் உருவங்களில் ஒன்றை மட்டும் அடியில் வருஷம் எழுதி வைத்துக்கொண்டு, மற்றதை வாளித் தண்ணீரில் ஊறப் போட்டுக் குழந்தை முன்னாலேயே கரைத்துத் தொட்டியில் ஊற்றுங்கள். புல் மாட்டுக்கோ செடிக்கு உரமாகவோ போகட்டும். பெட்டியில் அந்துருண்டை போடாதீர்கள், வெள்ளை மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டால் விஷம். வசம்பும் நன்றாகக் காய்ந்த வேப்பிலையும் துணியில் முடிந்து போடுங்கள், பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பருத்தித் துணியில் சுற்றி, பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுங்கள்.