திருவருகைக் காலமும் வீட்டுச் செபமும்: என் அனுபவம்

கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய காத்திருப்புக் காலம்தான் திருவருகைக் காலம். இலங்கை மலையகத்தின் ஹட்டனில் டிசம்பர் மாலை என்றால் மழையும் பனிமூட்டமும்தான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு செபம் வைத்தால் சின்னவன் மடியிலேயே தூங்கிவிடுவான். பெரியவள் மெழுகுவர்த்தியை ஏற்றச் சண்டைக்கு நிற்பாள். கடந்த ஆண்டு நேரத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றினேன். பசி வந்தால் செபம் தானாகச் சுருங்கும், பெரியவர்களுடையதும்தான்.

சைப்ரஸ் கிளைகளை வளையமாகக் கட்டி நான்கு மெழுகுவர்த்திகள் வைத்தோம். ஊதா மூன்று; மூன்றாம் ஞாயிறுக்கு மட்டும் ரோஜா நிறம். கடையில் வெள்ளைதான் கிடைத்தது, ரிப்பன் கட்டிச் சமாளித்தோம். மகள் ஏற்றுவாள், மகன் ஊதி அணைப்பான். மின்விளக்கை நிறுத்திவிட்டு, இருளில் நடந்த மக்கள் ஒளியைக் கண்டதைச் சொல்லும், விவிலியத்தின் எசாயா நூல் 9ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு வசனம், ஒரு பாட்டு, ஆளுக்கொரு வரி மன்றாட்டு. அவ்வளவுதான்.

உண்மையில் கைகொடுத்தது கிறிஸ்துமஸ் குடிலின் வெறும் தீவனத் தொட்டி. யாருக்காவது உதவினால் அதில் ஒரு மானாப் புல் போடலாம். குழந்தை இயேசுவை 24ஆம் தேதி இரவுதான் வைப்போம். அதற்குள் படுக்கை தயாராக வேண்டும். இருவரும் போட்டி போட்டதில் அம்மாயி அடுத்தடுத்துத் தேநீர் குடிக்க வேண்டியதாயிற்று! காய்ந்த புல் சட்டென்று பற்றும். குடிலை மெழுகுவர்த்திக்குத் தள்ளியே வையுங்கள்.